பிளாட்பாரத்தில் குடியிருக்கும் சென்னை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி பத்து மணிக்கு மேல் பாரிமுனை, பிராட்வே, வால்டாக்ஸ் ரோடு, யானைக்கவுனி பக்கம் வண்டியில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், கடை ஷட்டர் இறங்கியதும் அதே வாசலில் பாய் விரிந்துவிடும். நான் இந்தப் பக்கமே குடியிருப்பவன், இங்கே ரோட்டோரம் இருக்கும் சில குடும்பங்களோடு பழக்கமும் உண்டு, அதனால் சொந்தக்காரர்கள், கடைக்காரர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?

இந்த ஊர்க்காரர்கள்தான். குடும்பத்தோடு பிளாட்பாரத்தில் இருப்பவர்களில் நிறையப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், சிலருடைய அம்மாவும் இங்கேயே பிறந்தவர். தாத்தா பாட்டி காலத்தில் வட தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரா பக்கமிருந்தும் பிழைக்க வந்து, துறைமுகத்திலும் கொத்தவால் சாவடியிலும் மூட்டை தூக்கி, கொஞ்சம் காசு சேர்ந்ததும் வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று ரோட்டோரம் படுத்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். காசு சேரவே இல்லை. கொத்தவால் சாவடி மொத்தக் காய்கறி மார்க்கெட்டை 1996-ல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் மளிகை, பேப்பர், பாத்திரம், பிளாஸ்டிக் என்று மற்ற மொத்தக் கடைகள் இங்கேதான் இருக்கின்றன, அவற்றை நம்பி மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஓட்டுபவர்களும் லோடு ஏற்றுபவர்களும் இங்கேதான் இருந்தாக வேண்டும்.

இவர்கள் தவிர வேறு ஆட்களும் உண்டு. ஓட்டலிலோ சமையல் கான்ட்ராக்டிலோ வேலை பார்த்து, சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு வெளியே படுக்கும் தனி ஆண்கள். பிள்ளைகள் கைவிட்ட பெரியவர்கள். மனநலம் பாதிக்கப்பட்டு எங்கேயோ ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிவிட்டவர்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள். அப்புறம், ஸ்டான்லியிலும் அரசு பொது மருத்துவமனையிலும் உள்ளே ஒருவரைச் சேர்த்துவிட்டு வாசலில் நாள் கணக்கில் கிடப்பவர்கள், இவர்களுக்கு ஊரில் வீடு இருக்கும், லாட்ஜுக்குக் கொடுக்கத்தான் காசு இருக்காது. போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஆனால் வந்த காரணம் வேறு, தேவையும் வேறு. இத்தனை பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘இவர்களுக்கு என்ன செய்யலாம்’ என்று பேசினால் அந்தப் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

மொத்தம் எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம், சென்னையில் 16 ஆயிரத்துச் சொச்சம். வீடற்றவர்களை எண்ணியது பிப்ரவரி 28 அன்று ஒரே ஒரு ராத்திரி. ஒரே ராத்திரியில், அதுவும் ராத்திரி வேலைக்குப் போயிருப்பவர்களையும் போலீஸைப் பார்த்ததும் எழுந்து நடந்துவிடுபவர்களையும் வைத்துக்கொண்டு எண்ணினால் எவ்வளவு சரியாக வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027 என்று அறிவித்திருக்கிறார்கள், அதுவரை இந்தப் பழைய எண்ணை வைத்துத்தான் எல்லாரும் பேசுகிறார்கள்.

வேலை செய்தால் வாடகைக்கு ஒரு ரூம் எடுக்க முடியாதா?

வேலை செய்யவில்லை என்று யார் சொன்னது? விடியற்காலை மூன்று மணிக்கு இந்தத் தெருக்களில் ஒரு தடவை நடந்து பாருங்கள். பூ கட்டுகிறார்கள், காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறார்கள், கடை பெருக்குகிறார்கள், அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள், அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிறார்கள்.

மாட்டிக்கொள்வது வாடகையில்கூட இல்லை, அட்வான்ஸில். ஒரு பேச்சுக்கு ஆறாயிரம் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் அறுபதாயிரம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. அதை வீட்டு ஓனரிடம் சொல்லிப் பாருங்கள், வீடே இல்லை என்பார். மாதச் சம்பளக்காரர்களுக்கே இதுதான் கதி. அன்றன்றைக்குக் கூலி வாங்குபவர் அறுபதாயிரத்துக்கு எங்கே போவார், தண்டலுக்குத்தான் போவார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு முன்னாடியே வட்டியைப் பிடித்து எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். இரண்டு நாள் மழை பெய்து லோடு இல்லாவிட்டால் அந்தத் தண்டலை அடைக்க இன்னொரு தண்டல்.

பணம் கிடைத்தாலும் வீடு கிடைப்பது நிச்சயமில்லை. என்ன வேலை, எத்தனை பேர், என்ன ஆளுங்க, இதுவரைக்கும் எங்கே இருந்தீர்கள் என்று ஓனர் கேட்பார். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்.

கவர்மெண்ட் வீடு கொடுத்தாலும் அதை விட்டுவிட்டுத் திரும்பவும் ரோட்டுக்கே வந்துவிடுகிறார்களே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

வீடு எங்கே கொடுத்தார்கள் என்று பாருங்கள். 2000-ஐ ஒட்டி கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் சுமார் 20 ஆயிரம் வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. பாரிமுனையிலிருந்து இவையெல்லாம் இருபது முப்பது கிலோமீட்டர். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே, இல்லை பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள், வடசென்னையில் அந்தப் பழைய ஹவுசிங் போர்டுகள் இன்னும் நிற்கின்றன, இடிந்து விழுகிற நிலையில் சில, ஆனால் ஆள் இல்லாமல் ஒன்றுகூட இல்லை. பிறகு ஊருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற வீடுகள் ஊருக்கு வெளியே போய்விட்டன. வாரியத்தின் பெயரையும் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள், சரி, பெயர் மாறினால் பஸ் சீக்கிரம் வந்துவிடுமா?

இப்போது ஒரு பூக்காரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கடைக்கு அவர் விடியற்காலை நாலு மணிக்கு வர வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருவார்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதானே அது உதவும். ஆட்டோ பிடித்தால் அன்றைய லாபம் ஆட்டோவுக்கே போய்விடும். லோடு ஏற்றுபவருக்கு இன்னும் மோசம், கடைக்காரர் கூப்பிட்ட அஞ்சு நிமிடத்தில் வந்து நிற்பவருக்குத்தான் லோடு. அதனால் அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்: வாரத்தில் ஐந்து நாள் இங்கே படுத்து, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வருகிறார்கள், கொஞ்ச நாளில் அந்த வீட்டை யாருக்காவது உள்வாடகைக்கு விட்டுவிட்டு முழுசாக இங்கேயே வந்துவிடுகிறார்கள். விற்றுவிட்டார்கள் என்று திட்டுவதற்கு முன்னால், உங்களுக்குத் திண்டிவனத்தில் இலவசமாக வீடு கொடுத்து, தினமும் காலை எட்டு மணிக்கு அண்ணா சாலை ஆபீஸில் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?

சும்மா கொடுப்பதாகவும் நினைக்க வேண்டாம். புதிதாகக் கட்டும் திட்டங்கள் சிலவற்றில் பயனாளி பங்குத்தொகை என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அறுபதாயிரம் அட்வான்ஸுக்கு வழியில்லாதவரிடம்.

கூவம் ஓரத்துக் குடிசைகளைக் காலி செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 2019 டிசம்பர் கடைசியில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகர் வீடுகளை இடித்துப் பலரை பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை வரைக்கும் பழைய பள்ளிக்கே போய்வர வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள், கல்யாணமாகி ஒரே குடிசையில் தனிக்குடும்பமாக இருந்தவர்கள், வாடகைக்கு இருந்தவர்கள், இப்படிப் பலருக்கு வீடு ஒதுக்கப்படாது. ஒரு குடிசைப் பகுதியைக் காலி செய்தால் கொஞ்சம் பேர் பக்கத்து பிளாட்பாரத்தில் வந்து நிற்பது இப்படித்தான்.

அதுதான் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, பலவற்றைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, நல்லபடியாகவே நடத்துபவர்களும் உண்டு. 2010-ல் உச்ச நீதிமன்றம், நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வீதம், நூறு பேர் தங்கும்படி, 24 மணி நேரமும் வருஷம் முழுக்கவும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. 2011-ல் விரிவாக்கிய சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை அப்போதே 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்குக்கு இருக்கும் காப்பகங்கள் போதாது, அதிலும் ஒரு பகுதி ஆஸ்பத்திரி வளாகங்களில் நோயாளிகளோடு வந்தவர்களுக்கானது (அது தேவையானதுதான், அதைக் குறை சொல்லவில்லை).

எண்ணிக்கையை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, சிறுவர்களுக்கு, சிறுமிகளுக்கு என்று தனித்தனி. தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு இது சரி. புருஷன், பெண்டாட்டி, பதினாலு வயசுப் பையன், பத்து வயசுப் பெண், ஒரு பாட்டி என்று இருக்கும் குடும்பம் போனால் நாலைந்து இடத்தில் பிரித்துப் போடுவார்கள். யார் போவார்கள்? அப்புறம் அடுப்பு, குடம், மீன்பாடி வண்டி, பூக்கூடை, இதையெல்லாம் எங்கே வைப்பது? வண்டியை விட்டுவிட்டுப் போனால் காலையில் வண்டி இருக்காது.

குடிதானே இதற்கெல்லாம் காரணம்?

குடி இருக்கிறது. நிறைய இருக்கிறது. பல பெண்கள் இளம் வயதிலேயே தனியாகிப் போனதற்கு அதுதான் காரணம், வாங்கிய கூலியை டாஸ்மாக்கில் கொடுத்துவிட்டு வருகிற ஆளால் குடும்பமே ரோட்டுக்கு வந்த கதைகளும் உண்டு. ஆனால் குடிப்பவர்கள் எல்லாரும் ரோட்டில் இல்லை, ரோட்டில் இருப்பவர்கள் எல்லாரும் குடிப்பதில்லை. உங்கள் அபார்ட்மெண்டில் குடிப்பவருக்குக் கதவு இருக்கிறது, இவருக்கு இல்லை, அதனால் இவர் குடிப்பது மட்டும் ஊருக்கே தெரிகிறது.

பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

குளிப்பதற்கு மூன்று மணிக்கே எழுந்துவிடுவார்கள். தெரு அடங்கியிருக்கும் நேரம், இரண்டு பேர் புடவையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் குளிப்பது, அதுவும் முந்தின நாளே குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில். பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் காசு, ராத்திரியில் பல இடங்களில் பூட்டு. தூங்கும்போது வயசுப் பெண்களும் குழந்தைகளும் சுவரோரம், பாட்டிமார்கள் ரோட்டுப் பக்கம். கொசுவலையின் இரண்டு மூலையை ஷட்டர் கொக்கியில் கட்டி, மற்ற இரண்டு மூலையை நிறுத்தியிருக்கும் வண்டியில் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொசுவுக்காக மட்டும் இல்லை, உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல் இருக்கவும்தான் அது. வெளிச்சம் இருக்கும் இடத்தை, போலீஸ் பூத்துக்குப் பக்கத்தை விரும்பிப் பிடிப்பார்கள். தெரு விளக்கு ஒன்று எரியாமல் போனால் நமக்கு அது ஒரு புகார், அவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு.

நள்ளிரவிலும் திறந்திருக்கும் கழிப்பறை, குளிக்க ஒரு மறைவிடம், இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை வருஷமாக ஏன் நடக்கவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

பிள்ளைகள் படிக்கிறார்களா?

படிக்கிறார்கள், நிறையப் பேர் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில். எட்டாவது ஒன்பதாவதில் பையன்கள் லோடு வேலைக்கு நழுவுவதும், பெண்களுக்கு ‘ரோட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது’ என்று சீக்கிரம் கல்யாணம் முடிப்பதும் நடக்கிறது. இன்னொரு பக்கம், 2019-ல் லண்டனில் நடந்த தெருவோரக் குழந்தைகள் கிரிக்கெட் உலகக் கோப்பையில் லார்ட்ஸ் மைதானத்தில் கோப்பையைத் தூக்கிய தென்னிந்திய அணியில் சென்னைப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

எங்கள் கடை வாசலில் படுக்கிறார்கள், போலீஸில் சொல்லி அப்புறப்படுத்தலாமா?

சொல்லலாம். போலீஸ் வந்து விரட்டும், அவர்கள் பத்து கடை தள்ளிப் படுப்பார்கள், ஒரு வாரத்தில் திரும்ப வருவார்கள். சட்டப்படி என்றால், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சொன்னது: வாழ்வாதாரம் என்பது வாழும் உரிமைக்குள் அடங்கும், ஆனால் நடைபாதையில் குடியிருப்பதை உரிமையாகக் கோர முடியாது, காலி செய்வதென்றால் முறையான நோட்டீஸ் வேண்டும். சென்னைக் குடிசைவாசிகளுக்காகப் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு போட்ட வழக்கிலும் அதையொட்டியேதான் தீர்ப்பு வந்தது. 1945-ஆம் ஆண்டுப் பிச்சை தடுப்புச் சட்டத்தைச் சிலர் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பிச்சை எடுப்பவர்களே இல்லை, அது இங்கே பொருந்தாது.

அனுபவப்பட்ட கடைக்காரர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். காலை ஏழு மணிக்குள் எழுந்து பெருக்கிவிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். பதிலுக்கு ராத்திரி முழுக்க ஷட்டருக்கு ஆள் காவல், பைசா செலவில்லாமல்.

மனநலம் பாதிக்கப்பட்டவரோ பெரியவரோ தனியாகக் கிடப்பதைப் பார்த்தால் யாரைக் கூப்பிடுவது?

உயிருக்கு ஆபத்து என்றால் 108. பெரியவர்கள் என்றால் முதியோர் உதவி எண் 14567, குழந்தை என்றால் 1098, காப்பகத்தில் சேர்க்க மாநகராட்சியின் 1913. சென்னைக் காவல்துறையில் 2021-லிருந்து ‘காவல் கரங்கள்’ என்று ஒரு பிரிவு, ஆதரவற்றவர்களை மீட்டு, முடிந்தால் குடும்பத்தோடு சேர்த்துவைக்கிறார்கள். மனநலம் பாதிக்கப்பட்டுத் திரிபவரை போலீஸ் பொறுப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது 2017 மனநலச் சட்டத்தில் 100-ஆவது பிரிவு, ஸ்டேஷனில் தயங்கினால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 1993-லிருந்து பான்யன் என்ற தொண்டு அமைப்பு சென்னையில் வேலை செய்கிறது, அங்கே குணமாகி வருஷங்கள் கழித்து வேறு மாநிலத்தில் இருக்கும் சொந்த வீட்டுக்குத் திரும்பியவர்கள் நிறைய.

கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். வண்டி வரும்வரை அங்கேயே நில்லுங்கள். இல்லாவிட்டால் வருகிறவர்களுக்கு ஆளை அடையாளம் தெரியாது, அவரும் எழுந்து எங்காவது போய்விடுவார்.

சாப்பாடு கொடுக்கலாமா, காசு கொடுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிப் பொட்டலம் வேண்டாம், அன்றைக்கு ஒரே தெருவுக்கு மூன்று குரூப் வந்து கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், மிச்சம் நாய்க்கு. சாப்பாட்டுக்கு 2013-லிருந்து அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், ரோட்டோரக் குடும்பங்கள் பலவும் காலைச் சாப்பாட்டுக்கு அதைத்தான் நம்பியிருக்கின்றன. கொடுக்க ஆசை என்றால் முதலில் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் நல்ல கனமான தார்ப்பாய், கொசுவலை, நாப்கின், பள்ளி திறக்கும்போது பை, இவைதான் அநேகமாகப் பதிலாக வரும். பழைய துணி மூட்டையைக் கொண்டுவந்து இறக்காதீர்கள், அவர்களுக்கு அலமாரி கிடையாது.

இவர்களுக்கு ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டு உண்டா?

கலவையாக இருக்கிறது. பழைய குடும்பங்களில் பலரிடம் ஏதோ ஒரு கடை எண்ணை, கோயில் எண்ணை முகவரியாகப் போட்ட அட்டைகள் உண்டு. இல்லாதவர்களுக்கு முதல் தடை ஆதார் முகவரி, கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ உரிய படிவத்தில் சான்று கொடுத்தால் அது நடக்கும். ரேஷன் கார்டு கஷ்டம், தனிச் சமையலறை இருக்கிறதா என்று விசாரிக்க வருவார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு ரேஷன் கார்டுதான் அடிப்படை என்பதால், யாருக்கு அந்தப் பணம் முதலில் போக வேண்டுமோ அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை.

வாக்காளர் அட்டை மட்டும் எளிது. படிவம் 6-ல் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும், முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் பார்த்து, அந்த ஆள் அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. படிவத்தைக் கொடுத்த பிறகு நாலு நாளைக்கு இடத்தை மாற்றிப் படுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அலுவலர் வரும்போது ஆள் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.